ரங்கராஜன்கள் இருவர்

கேள்வி: எங்கள் தமிழ் மன்ற நூலகத்தில் கோஹா என்ற நூலகப் பட்டியல் மென்பொருள் வைத்திருக்கிறோம். 'சுஜாதா' என்று தேடினால் பாதிப் புத்தகம்தான் வருகிறது. மீதி 'எஸ். ரங்கராஜன்', 'சுஜாதா ரங்கராஜன்' என்றும், ஆங்கில எழுத்திலும் சிதறிக் கிடக்கிறது. ஐ.டி. வேலையில் இருக்கும் தம்பி ஒருவர், "ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் ஒரே பெயராக்கிவிடலாம், இல்லையென்றால் விக்கிடேட்டா என்ற இணையத் தரவுத்தளத்தோடு இணைக்கலாம்" என்கிறார். சின்ன நூலகத்துக்கு இதெல்லாம் தேவையா?
– நூலகத் தன்னார்வலர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஃபைண்ட்-ரீப்ளேஸ் பக்கம் தம்பியைப் போகவே விடாதீர்கள். உங்கள் அலமாரியில் ரா.கி. ரங்கராஜனும் கட்டாயம் இருப்பார். குமுதத்தில் அவர் இருந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாமென்றுதான் எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். பின்னாளில் உங்கள் ஊர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். அவர் அன்றைக்கே தீர்த்துவைத்த குழப்பத்தை நீங்கள் ஒரே கிளிக்கில் திரும்பக் கொண்டுவந்துவிடுவீர்கள்!

கோஹாவிலேயே ஒவ்வொரு பெயருக்கும் நிலையான வடிவத்தைப் பதிந்துவைக்கும் அத்தாரிட்டி பகுதி இருக்கிறது. ஆளுக்கு ஒரே பதிவு. பதிவில் எண்ணிட்ட கட்டங்கள், அதாவது புலங்கள், இருக்கும். 100-ஆம் புலத்தில் 'சுஜாதா, 1935-2008'. மற்ற வடிவங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி 400-ஆம் புலத்தில். ஆண்டு எதற்கு என்றால், நாளைக்கு இன்னொரு சுஜாதா வந்து சேர்ந்தால் பிரித்துக் காட்டத்தான். ஒவ்வொரு புத்தகத்தையும் இந்தப் பதிவின் எண்ணோடு இணைத்துவிடுங்கள். அப்புறம் பெயரைத் திருத்த வேண்டுமென்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஏற்கெனவே ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உருவாகியிருந்தால் ஒன்றோடொன்று சேர்க்கவும் வசதி உண்டு.

விக்கிடேட்டா யோசனை நல்லதுதான், ஆனால் இதற்கு அடுத்த கட்டம். அமெரிக்க நூலகங்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் 'ச' என்பது ஆங்கில 'சி' (C) எழுத்து. அங்கே நம் சுஜாதா 'எஸ்' வரிசையில் இல்லை. எழுத்தை ஒப்பிட்டுத் தேடினால் எந்தக் காலத்திலும் பொருந்தாது. எண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பல நாட்டுத் தேசிய நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை ஒன்றாகக் கோத்து, ஆளுக்கு ஓர் எண் தரும் வியாஃப் (VIAF) என்ற இணையத் தொகுப்பு 2003-இல் தொடங்கியது. விக்கிடேட்டாவில் ஓர் எழுத்தாளரின் பக்கத்தைத் திறந்தால், பி214 என்ற பண்பில் அவருடைய வியாஃப் எண் இருக்கும். உங்கள் பதிவின் 024-ஆம் புலத்தில் விக்கிடேட்டா எண்ணைப் போட்டு வைத்தால், அங்கிருந்து மற்ற நூலகங்களுக்குக் கணினியே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. வியாஃபில் பெயர்களைச் சேர்ப்பது பெரும்பாலும் இயந்திரம். இரண்டு பேரை ஒருவராக்கும், ஒருவரை இரண்டாகவும் பிரிக்கும். பிறந்த ஆண்டு, இரண்டு மூன்று நூல் தலைப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று ஆள் பார்த்த பிறகே எண்ணை எடுங்கள். சோம்பல்பட்டால் வம்புதான்.

எல்லா ஆசிரியருக்கும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. புனைபெயர்க்காரர்களை முதலில் முடியுங்கள். புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள் தலைப்புகளை இப்போது தொடாதீர்கள், அது பெரிய வேலை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1962-இல் தொடங்கிய டி.ஆர்.டி.சி. என்ற நூலகவியல் பயிற்சி மையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர் யாராவது சனிக்கிழமைகளில் வந்து உதவ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.