பர்மாச் சுருட்டும் பித்தளைப் படிக்கமும்

கேள்வி: பர்மாவில் பிறந்து வளர்ந்த எங்கள் ஐயா சுருட்டை விட்டு ஐந்து வருடமாகிறது. இப்போது வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை மட்டும்தான். பர்மாவிலும் சுருட்டுப் பழக்கம் குறைந்துவிட்டதாமே! ஏழை நாடானாலும் திருந்திவிட்டார்கள் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: சுருட்டு என்று எழுதிவிட்டீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் சுருட்டுதான். சுருள், சுருட்டு, பாயைச் சுருட்டி வை என்று வீட்டில் புழங்கும் சொல் கப்பலேறிப் போய், பர்மாக்காரர்கள் செய்யும் சரக்குக்கே உலகம் முழுக்கப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல் என்றால் எல்லாரும் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் சொல்வார்கள். சுருட்டைச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

அந்த பர்மாச் சுருட்டில் மேலே சுற்றுவது புகையிலை அல்ல. ஷான் மலைப் பக்கம் விளையும் 'தனபெட்' என்ற இலை. நம் நறுவிலிக்குப் பங்காளி மரம். உள்ளே புகையிலையோடு அதன் தண்டையும் நறுக்கிப் போடுவார்கள். வாய் வைக்கும் முனையில் சோளக்கதிரின் மட்டை. இன்லே ஏரிப் பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுகிறார்கள். பாட்டிமார் பிடிப்பதும் அங்கே சகஜம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருந்தவில்லை அம்மா. கையில் இருந்தது கன்னத்துக்குப் போயிருக்கிறது. 2009-ல் அங்கே 100 பேரில் 30 பேருக்குச் சற்றுக் குறைவாகப் புகையிலை மென்றார்கள். 2014-ல் அது 43. ஆண்களை மட்டும் எடுத்தால் 62. புகைப்பவர்களைவிட மெல்பவர்கள் அதிகம். தெருமுனைக்குத் தெருமுனை 'குன்யா' கடை. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, சின்ன பாலிதீன் பையில் போட்டுத் தருகிறார்கள். விலை சொற்பம். லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராது, மூட்டை தூக்குகிறவருக்கு இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 2006-ல் அங்கே சட்டம் வந்தது. மெல்லுவதற்குத் தீப்பெட்டியும் வேண்டாம், மறைவிடமும் வேண்டாம்.

நாமும் மெச்சிக்கொள்ள முடியாது. 2009-10க்கும் 2016-17க்கும் நடுவே இந்தியா முழுக்கப் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6க்கு இறங்கியபோது, தமிழ்நாட்டில் 16.2 சதவீதத்திலிருந்து 20க்கு ஏறியது.

புகையிலை என்று பெயர் வைத்ததே வினையாகப் போயிற்று. புகை நின்றால் இலையின் கெடுதலும் நின்றதாக ஒரு நினைப்பு. கல்யாணத் தாம்பூலத் தட்டில் புகையிலை வைக்காதீர்கள் என்று இதே பக்கத்தில் எழுதியதற்கு, செட்டிநாட்டு மரபைப் பழிக்கிறேன் என்று கடிதம் கடிதமாக வந்தது. இன்றும் அதையேதான் சொல்கிறேன். கண்ணகி கோவலனுக்கு மடித்துக் கொடுத்த வெற்றிலையில் புகையிலை கிடையாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே வந்தது. நேற்று வந்த விருந்தாளியை மரபு என்று சொல்லி நடுவீட்டில் உட்கார வைக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறுபடி கடிதம் வரட்டும்: வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் படிக்கம், அதாவது வெற்றிலை எச்சில் துப்பும் பாத்திரம், வரிசையாக நிற்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பூ வைக்க வாங்கிப் போகிறார்கள். எங்கள் அப்பத்தாவின் படிக்கம் இன்னும் எங்கள் வளவில்தான் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் அப்பத்தாவுக்கு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கஞ்சியைக் கரண்டிக் காம்பால் ஊற்றினோம். அப்பத்தா ஒரு நாளும் புகை பிடித்ததில்லை.

அதனால் நீங்கள் எழுதியிருக்கிற அந்த 'மட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. இன்று சாயங்காலம் ஐயாவை முகப்பில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். புகையிலையை ஒதுக்கும் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தால், மூன்று விரலை நெட்டாக வைக்க வாய் திறக்கவில்லை என்றால், மறுநாள் காலையிலேயே பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.