முழு மாடு வாங்கினால் பவுண்டு என்ன விலை விழும்?

கேள்வி: ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு முழு மாடு வாங்கிக் கூறு போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை. ஒரு பண்ணையில் உயிர் எடைக்குப் பவுண்டு 2.90 டாலர் என்கிறார்கள். இன்னொரு பண்ணையில் ஹேங்கிங் வெயிட்டுக்கு 4.50. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், வெட்டி பேக் செய்து வீட்டுக்கே கொண்டுவருகிறேன், 8.75 என்கிறார், பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். எது மலிவு? கடையைவிட மிச்சமாகுமா?

பதில்: உங்களுக்குச் சொன்ன மூன்று விலையும் மூன்று வேறு எடைக்கானவை. 2.90 மலிவு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வரும் கறிக்கு எவ்வளவு விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

நன்றாகத் தீனி போட்டு வளர்த்த காயடித்த காளை 1,300 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோல், தலை, கால், குடல் எல்லாம் போய்க் கொக்கியில் தொங்கும்போது சுமார் 800 பவுண்டு. அதுதான் ஹேங்கிங் வெயிட். ஒன்றிரண்டு வாரம் குளிரறையில் தொங்கினால் கொஞ்சம் நீர் வற்றும். பிறகு எலும்பும் கொழுப்பும் கழியும். கையில் வருவது ஏறக்குறைய 520 பவுண்டு.

இப்போது கணக்கு. 4.50 வீதம் 800 பவுண்டுக்கு 3,600 டாலர். அறுப்புக் கூலி 100 என்று வையுங்கள். வெட்டிப் பொதிந்து தரும் கூலி பவுண்டுக்கு 1.10 என்றால் 880. இதையும் ஹேங்கிங் வெயிட்டுக்குத்தான் போடுவார்கள், கைக்கு வரும் கறிக்கு அல்ல. ஆக 4,580, பவுண்டு 8.81 விழுகிறது. அந்த 2.90? 1,300 பவுண்டுக்கு 3,770, அதே கூலி சேர்த்தால் 4,750, பவுண்டு 9.13. கூலி ஊருக்கு ஊர் மாறும், கேட்டு இதே மாதிரி போட்டுப் பாருங்கள்.

கடையோடு ஒப்பிட்டால்? 2025-இல் அமெரிக்கக் கடைகளில் அரைத்த மாட்டுக்கறியின் சராசரி விலையே பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நாட்டிலிருந்த மாடுகள் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. இருந்தும், உங்கள் 520 பவுண்டில் 200 பவுண்டு வரை அரைத்த கறியாகத்தான் வரும். விலை கூடிய ரிப் ஐ ஸ்டேக் துண்டுக்கும் அதற்கும் நீங்கள் ஒரே விலைதான் கொடுக்கிறீர்கள். ஸ்டேக் சாப்பிடுகிற வீடென்றால் லாபம் உண்டு. குழம்புக்கும் கொத்துக்கறிக்கும் மட்டும் என்றால், உண்மையைச் சொல்கிறேன், மிச்சம் ஒன்றும் இல்லை.

சரி, அந்த வாட்ஸ்அப் ஆள். காகிதத்தில் அவர் விலைதான் மூன்றிலும் குறைவு. எனக்கு அதுதான் உறுத்துகிறது. பண்ணைக்காரர், அறுப்புக்கூடம், வண்டிச் செலவு, தன் லாபம் எல்லாம் போக 8.75-க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பெரும்பாலும் கிழட்டுக் கறவை மாடாக இருக்கும், இல்லையென்றால் பெட்டியில் முக்கால்வாசி அரைத்த கறியாக இருக்கும். அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பொட்டலத்தில் அரசு ஆய்வு முத்திரை இருக்குமா? "நம்ம ஆள்தான், பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. ஆய்வாளர் இல்லாமல், உரிமையாளருக்காக மட்டும் அறுத்துக் கொடுக்கும் கஸ்டம் கூடங்கள் இங்கே உண்டு. அங்கிருந்து வரும் பொட்டலத்தில் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்திருக்கும். மாட்டுக்குச் சொந்தக்காரரும் அவர் வீட்டாரும், காசு வாங்காமல் உபசரிக்கும் விருந்தாளிகளும் சாப்பிடலாம், விற்கக் கூடாது. அதனால் நீங்கள் நால்வரும் மாடு உயிரோடு இருக்கும்போதே பங்குக்காரர்கள் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். அறுத்த பிறகு ஐந்தாவது குடும்பத்துக்குக் கூறு விற்க முடியாது. தெரிந்த முகத்திடம் நாலு பவுண்டு கறி விற்கும் சின்னப் பண்ணைக்காரருக்கு இத்தனை விதி. நாட்டில் தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாடுகளில் நூற்றுக்கு 85-ஐ நான்கே நிறுவனங்கள் அறுக்கின்றன, அதை யாரும் கேட்பதில்லை. 2020-இல் கொரோனா வந்து பெரிய கூடங்கள் மூடியபோது சின்னக் கூடங்களில் ஒரு வருடம் தள்ளித்தான் நாள் கிடைத்தது. இன்னும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை.

நம் ஆட்கள் எலும்புப் பிரியர்கள் என்பதால் மாட்டின் வயதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மாட்டுக்கு, மூளையைத் தாக்கும் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ்) இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வந்த விதிப்படி, 30 மாதம் ஆன மாட்டின் மூளை, கண், தண்டுவடம், முதுகெலும்பு எதுவும் உணவுக்கு ஆகாது. வயதுச் சான்று இல்லையென்றால் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பால்பல் விழுந்து இரண்டாவது ஜோடி நிலைப்பல்லில் ஒன்று முளைத்திருந்தாலும் 30 மாதக் கணக்குதான். அப்புறம் முதுகெலும்போடு வெட்டும் டி-போன் ஸ்டேக் இல்லை, முதுகெலும்பு சூப் இல்லை, மூளை வறுவல் இல்லை. வால் மட்டும் தப்பிக்கும். கால் எலும்புக்கும் தடை இல்லை. ஆகவே பணம் கொடுக்குமுன் மாட்டின் வயதை எழுத்தில் வாங்குங்கள். கிழட்டுக் கறவையில் இன்னொரு நஷ்டமும் உண்டு: ஹேங்கிங் வெயிட் உயிர் எடையில் பாதிதான் தேறும். உயிர் எடைக்கு விலை பேசியிருந்தால் தொலைந்தீர்கள்.

கூடத்தில் ஒரு வெட்டுத் தாள் கொடுப்பார்கள். ஈரல், நாக்கு, இதயம், வால், எலும்பு வேண்டும் என்று நீங்கள் குறிக்காவிட்டால் பல இடங்களில் குப்பைக்குப் போய்விடும். குடலைப் பல கூடங்களில் சுத்தம் செய்து தர மாட்டார்கள், முன்பே கேளுங்கள். "ஸ்டூ மீட்" என்று குறித்தால் எலும்பில்லாத துண்டுதான் வரும். எலும்போடு குழம்புத் துண்டு வேண்டுமென்றால், நெஞ்செலும்பையும் முன்னங்காலையும் ஒன்றரை அங்குலமாக ரம்பத்தில் அறுக்கச் சொல்லித் தாளின் ஓரத்தில் கையால் எழுதுங்கள்.

குடும்பத்துக்கு 130 பவுண்டு வரும். அதற்கு நாலு கன அடி இடம் வேண்டும், ஃப்ரிட்ஜின் மேல்தட்டு போதாது. முதலில் அறுப்புக்கூடத்துக்குப் போன் போட்டு நாள் வாங்குங்கள், பிறகு பண்ணைக்காரரிடம் விலை பேசுங்கள். முன்பணத்தைப் பண்ணைக்காரர் கையிலேயே கொடுத்து ரசீது வாங்குங்கள்.