ரன்-ஃப்ளாட்டா, சாதா டயரா?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி, ரன்-ஃப்ளாட் டயரோடு வந்தது, ஸ்டெப்னி கிடையாது. நாலு டயரும் தேய்ந்துவிட்டன. மாதாமாதம் பெங்களூர், இடையிடையே ஜமுனாமரத்தூர் பக்கம் சொந்த ஊர். மறுபடி அதையே போடவா, சாதா ட்யூப்லெஸுக்கு மாறவா?"

மாறிவிடுங்கள். பஞ்சர் ஆன நிமிஷத்தை மட்டும் யோசித்தால், காற்று போனாலும் ஓடுகிற ரன்-ஃப்ளாட்தான் ஜெயிக்கும், ஆனால் மறுநாள் காலையில் வண்டி எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

காற்று போனதும் சாதா டயரின் பக்கச்சுவர் மடங்கி, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே அரைபட்டுக் கிழிந்துவிடும். ரன்-ஃப்ளாட்டில் அந்தச் சுவருக்குள் கெட்டியான ரப்பர் வைத்திருப்பதால் காற்றே இல்லாமல் வண்டியின் எடையைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. தூரம், அதுவும் வேகம் 80-ஐத் தாண்டாமல். பள்ளிகொண்டாவில் ஆணி ஏறினால் ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரைக்கும் போய்விடலாம்தான். ஆனால் அந்த ரோட்டில் பஞ்சர் கடைக்கா பஞ்சம்? ட்யூப்லெஸில் ஆணியைப் பிடுங்காமல் விட்டால் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும், அடித்துக்கொண்டே கடைக்குப் போய்விடலாம்.

ஜமுனாமரத்தூர் மலைப் பக்கம் கல் கிழித்தால்தான் சிக்கல். ரன்-ஃப்ளாட் உங்களைக் கீழே போளூருக்குக் கொண்டுவந்து சேர்க்கும், மறுக்கவில்லை. அப்புறம்? காற்றில்லாமல் ஓடிய டயரின் உள்பக்கம் எவ்வளவு வெந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, அதனால் பஞ்சர் ஒட்டாமல் மாற்றச் சொல்வதுதான் வழக்கம். அந்த சைஸ் ரன்-ஃப்ளாட் பக்கத்துக் கடையில் கிடைப்பது சந்தேகம், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும்வரை வண்டி கடை வாசலில் நிற்கும். ஸ்டெப்னி இருந்தால் அன்றைக்கே வீடு. ரன்-ஃப்ளாட்டுக்கு விலையும் கூட, குழியில் விழும்போது முதுகுக்குத் தெரிகிற அதிர்வும் கூட.

ஒரே ஒரு விஷயத்தில் என் பதில் மாறும். ராத்திரியில் தனியாக ஹைவேயில் ஓட்டுபவர், லாரிகள் பறக்கிற ஓரத்தில் இறங்கி வீல் கழற்ற முடியாதவர் என்றால் கூடுதல் காசைக் கொடுத்து ரன்-ஃப்ளாட்டே போடட்டும். ஆனால் காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ் வேலை செய்யணும். காற்று போன ரன்-ஃப்ளாட்டைப் பார்த்தால் நன்றாக இருப்பது போலவே இருக்கும், எச்சரிக்கை விளக்கு இல்லாவிட்டால் அந்த 80 கி.மீ. எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

மாற்றும்போது நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், ரெண்டு அது, ரெண்டு இது என்று கலக்காதீர்கள். சைஸுக்குப் பக்கத்தில் இருக்கும் லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண், பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 98 என்றால் ஒரு டயருக்கு 750 கிலோ. டயர் தாங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்பீடு ரேட்டிங்குக்கும் அதே விதி. டிக்கியில் முழு சைஸ் ஸ்டெப்னி நுழையாவிட்டால் உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற ஒல்லி ஸ்டெப்னி பாருங்கள். ஜாக்கும் வீல் ஸ்பேனரும் மறக்காதீர்கள், ஸ்டெப்னி இல்லாத வண்டியில் பெரும்பாலும் அவையும் இருக்காது.