எந்தக் கருவி எதைத் தாங்குகிறது?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் சுமார் 220 பேர் வேலை செய்கிறோம். லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் எல்லாவற்றையும் எக்செல் தாளில் எழுதி வருகிறோம். இந்த ஆண்டுத் தணிக்கையில் 31 கருவிகள் கணக்கில் வரவில்லை. சிஎம்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காணாமல் போன 31 கருவிகள் மட்டும்தான் உங்கள் கவலை என்றால் சிஎம்டிபி தேவையில்லை. எந்தக் கருவி யாரிடம், எந்த அறையில், எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஒழுங்கான சொத்துப் பதிவேடு போதும். ஸ்னைப்-ஐடி போன்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளே அதைச் செய்துவிடும். சிஎம்டிபி எனப்படும் உள்ளமைவு மேலாண்மைத் தரவுத்தளம் வேறொரு கேள்விக்கு விடை சொல்வதற்காக இருக்கிறது: இது நின்றால் வேறு எதெல்லாம் நிற்கும்?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில், கிடங்கின் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு என்று பயன்பாட்டுக் காலம் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அதன் மதிப்பு எப்போதோ அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் மற்றப் பழைய சாமான்களோடு அதையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பார்கோடு ஒட்டுத்தாள் ஒன்றுகூட அச்சாகவில்லை. சரக்கு ஏற்ற வந்த லாரிகள் மதியம்வரை வாசலிலேயே நின்றன. ஒட்டுத்தாள் அச்சிடும் மென்பொருள் அந்த டெஸ்க்டாப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் சீரியல் எண், வாங்கிய தேதி, விலை எல்லாம் சரியாகவே இருந்தன. சரக்கு அனுப்பும் பிரிவு இதை நம்பியிருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் எங்கும் இல்லை. அந்த வரியை எழுதி வைக்கும் இடம்தான் சிஎம்டிபி.

ஆகவே, கருவிகளின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு மணி நேரம் நின்றாலும் முதலாளி போன் செய்வார் என்னும்படியான ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள்; பில் போடுவதாக இருக்கலாம். அந்த வேலையை அன்றாடம் செய்பவரோடு உட்கார்ந்து, அவர் திரையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பில்லிங் மென்பொருள், அது ஓடும் சர்வர், தரவுத்தளம், பேக்கப், இடையிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்ச், இணைய இணைப்பு, இவற்றுக்கு மின்சாரம் தரும் யுபிஎஸ். ஒவ்வொன்றையும் எழுதி, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கோடு இழுங்கள். கைக்குத் தட்டுப்படாதவற்றையும் விடாதீர்கள்: லைசென்ஸ், டொமைன் பெயர் (இணைய முகவரி), பிரவுசரிடம் சர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் எஸ்எஸ்எல் சான்றிதழ். பொது இணையத்தில் பயன்படும் இந்தச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் 15 முதல் 47 நாளாக்க, சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025-இல் முடிவெடுத்துவிட்டது. எந்தச் சான்றிதழ் எந்த சர்வரில் இருக்கிறது என்று ஒருவரின் நினைவில் மட்டும் வைத்திருந்து இனிச் சமாளிக்க முடியாது.

மென்பொருளை எழுதும்போது அதன் பதிப்பையும், தெரிந்தவரை அதற்குள் இருக்கும் முக்கியக் கூறுகளையும் சேருங்கள். 2021 டிசம்பரில், பல மென்பொருள்களுக்குள் கூறாக இருக்கும் லாக்4ஜே-யில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அதை அடைப்பதற்கு முன்பே, அது எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பல நிறுவனங்களுக்கு நாட்கள் கழிந்தன.

மவுஸ், விசைப்பலகை, கேபிள் எல்லாம் உள்ளே வேண்டாம். ரேம் அளவு, டிஸ்க் அளவு போன்றவற்றைக் கையால் தட்டச்சு செய்யவும் வேண்டாம். ஜிஎல்பிஐ ஏஜென்ட் போன்ற தானியங்கி மென்பொருள் அவற்றைச் சேகரித்துத் தரும். ஆனால் அது கொண்டுவருவதை அப்படியே நம்பிவிடக் கூடாது. உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கணினிகள் பலவற்றில் சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்ற வாசகமே இருக்கும். பதிவில் பத்துக் கணினிகள் ஒன்றாகிவிடும். நெட்வொர்க் இணைப்புக்கு உரிய அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து அடையாளம் கண்டாலோ, நெட்வொர்க் இணைப்பும் தரும் ஒரே யுஎஸ்பி டாக்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் லேப்டாப்கள் குழம்பிப்போகும். சீரியல் எண்ணோடு, நீங்களே ஒட்டும் சொத்து எண்ணையும் கட்டாயமாக்குங்கள்.

இனி வாங்குவது பற்றி: இப்போது வேண்டாம். ஜிஎல்பிஐ, ஐடாப் இரண்டும் திறமூல மென்பொருள்களே. ஒன்றை நிறுவி, ஒரு சேவையை மட்டும் முழுதாக வரைந்து, நான்கு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் இருக்கட்டும். சர்வரில் யார் எதை மாற்றினாலும், பதிவைத் திருத்தாமல் அந்த வேலையை முடிந்ததாகக் குறிக்கக் கூடாது என்று விதி வையுங்கள். இந்த விதி நிலைக்கவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆறே மாதத்தில் பழைய எக்செல் கதைதான்.

மாதம் ஒருமுறை பதிவிலிருந்து பத்துக் கருவிகளை எடுத்து நேரில் போய்த் தேடுங்கள். பிறகு தொழிற்சாலையில் கண்ணில் படும் பத்தை எடுத்துப் பதிவில் தேடுங்கள். இரண்டும் வெவ்வேறு தவறுகளைக் காட்டும்.

அந்த 31 கருவிகளையும் இந்த வாரமே பிரித்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களிடம் தங்கியவை அதிகமா, பழுதுபார்க்கப் போய்த் திரும்பாதவை அதிகமா? முதலாவது என்றால், கடைசிச் சம்பளக் கணக்கை முடிக்கும் முன் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று மனிதவளப் பிரிவிடம் பேசுங்கள். இரண்டாவது என்றால், வாசலில் வெளியே போகும் பொருளுக்குப் போடும் கேட் பாஸில் சொத்து எண் எழுதச் சொல்லுங்கள்.