டயட் கோலா குடித்தால் பல் தப்புமா? – பல் மருத்துவர் பதில்கள்

குளிர்பானம் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: சர்க்கரைக்குப் பயந்து ஒன்றரை வருடமாக டயட் கோலாவுக்கு மாறிவிட்டேன். இரவு வேலை. தூக்கம் வராமலிருக்க ஒரு பெரிய பாட்டிலை விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். சொத்தை எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் பட்டாலே முன்பற்கள் கூசுகின்றன. சர்க்கரைதான் இல்லையே, பிறகு ஏன்?
– வாசகர், வயது 27

உங்களைப் போலவே ஒருவர் போன மாதம் என்னிடம் வந்திருந்தார். முன்பற்களின் ஓரம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி மெலிந்திருந்தது. கடைவாய்ப் பல்லில் பழைய அடைப்பு ஒன்று, சுற்றியிருந்த பல்லைவிட மேடாக நின்றது. அடைப்பு எங்கே வளரப் போகிறது? சுற்றியிருந்த பல்தான் கரைந்து கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அடிக்கடி என்ன குடிக்கிறீர்கள்?" என்பதுதான்.

குளிர்பானம் பல்லைத் தாக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சர்க்கரை வழி. பல்லின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. அதனால் வருவது சொத்தை. இந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள், அது நல்ல காரியம். இரண்டாவது வழிக்கு பாக்டீரியாவே தேவையில்லை. பானத்திலேயே அமிலம் இருக்கிறது. கோலாக்களில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை, ஆரஞ்சு சுவையுள்ளவற்றில் சிட்ரிக் அமிலம். சர்க்கரையை எடுத்தாலும் இவை அப்படியேதான் இருக்கும்.

அமிலத்தின் வலுவை பிஹெச் என்ற எண்ணால் சொல்வோம். 1909-இல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் கொண்டுவந்த அளவு இது. 7 என்றால் நடுநிலை. எண் இறங்க இறங்க அமிலம் கூடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பல்லின் கடினமான மேலடுக்கான எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய 5.5. சாதாரண கோலா 2.5-ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது அந்த எல்லையைவிட ஆயிரம் மடங்கு அமிலம். டயட் கோலா 3-க்குச் சற்று மேலே. கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பானம் மட்டுமல்ல, "விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக" என்ற அந்த வரி. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால், உமிழ்நீர் சில நிமிடங்களில் அமிலத்தைக் கழுவி, தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் மட்டுப்படுத்திவிடும். மெலிதாக இளகிய எனாமலுக்குத் தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொடுக்கவும் செய்யும். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு குடித்தால், அது வேலையைத் தொடங்கும் நேரத்தில் அடுத்த மடக்கு வந்துவிடுகிறது. எனாமல் ஒரு முறை கரைந்து போய்விட்டால் திரும்ப முளைக்காது. அதை உருவாக்கிய செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. தயவுசெய்து இன்றிரவிலிருந்தே அந்தப் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். விழித்திருக்கத்தான் வேண்டுமென்றால் சர்க்கரை போடாத காபியோ தேநீரோ எவ்வளவோ மேல். கூச்சத்துக்கு ஃப்ளோரைடு சிகிச்சை இருக்கிறது, பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: பாட்டிலில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது. என் மகன் "அவ்வளவு இனிப்பாவே இல்லையேம்மா" என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. லேபிள் சரிதானா?
– இரண்டு பிள்ளைகளின் தாய்

லேபிள் சரிதான். உங்கள் மகன் சொல்வதும் பொய்யில்லை. இதற்காகவே என் கிளினிக்கில் ஒரு சின்ன எடைக்கருவி வைத்திருக்கிறேன். குழந்தைகள் வந்தால் ஒரு காலி டம்ளரைக் கொடுத்து, 330 மில்லி கேன் ஒன்றில் இருக்கும் சர்க்கரையை அவர்களையே அள்ளிப் போடச் சொல்வேன். 35 கிராம் வரவேண்டும். நான்கைந்து ஸ்பூன் போட்டதும் கை நின்றுவிடும், "போதுமா டாக்டர்?" என்று கேட்பார்கள். ஒன்பது ஸ்பூன் வரை போகும்.

அப்புறம் அதே டம்ளரில் 330 மில்லி அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரு வாய் குடிக்கச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள், திகட்டும். அதில் எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். ஒரு துளி சர்க்கரைகூடக் குறையவில்லை, நாக்குக்குத்தான் தெரியவில்லை. புளிப்பு இனிப்பை அமுக்கும்; குளிர்ச்சியும் அமுக்கும். கேஸ் போய், சூடேறிய கோலாவைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பாகு மாதிரி இருக்கும். இவ்வளவு சர்க்கரையைச் சிரமமில்லாமல் உள்ளே இறக்குவதே அந்த அமிலம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு இது: சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர் ஒருவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஒரே கேனில் அதைத் தாண்டிவிட்டோம். குழந்தைக்கு இன்னும் குறைவு.

லேபிளில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சிலவற்றில் 100 மில்லிக்கு, சிலவற்றில் ஒரு பரிமாறும் அளவுக்கு என்று போட்டிருக்கும். பாட்டிலின் மொத்த அளவோடு பெருக்கிப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

கேள்வி: என் மகளின் விழுந்த பால் பல்லைக் கோலாவில் போட்டால் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தந்தை

ஒரே ராத்திரியில் காணாமல் போகாது. பழுப்பேறும், மேற்பரப்பு மங்கும், இளகும். பயமுறுத்த இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். காலையில் பல் அப்படியே கிடப்பதைப் பார்த்தால், அமிலம் பற்றி நீங்கள் சொல்லும் எதையும் உங்கள் மகள் அப்புறம் நம்பமாட்டாள்.

கேள்வி: அப்படியென்றால் பழச்சாறுக்கு மாறிவிடலாமா? வெறும் சோடா?
– ஆசிரியை

ஆரஞ்சுச் சாறின் பிஹெச் 3.5-இலிருந்து 4-க்குள். சர்க்கரையும் 100 மில்லிக்கு 8 கிராமை ஒட்டி வரும். பழத்தின் சொந்தச் சர்க்கரைதான், ஆனாலும் பாக்டீரியாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிஹெச் சொல்லாத ஒன்றும் உண்டு: மொத்த அமிலத்தின் அளவு. அதில் ஆரஞ்சுச் சாறு கோலாவையே மிஞ்சும். எனவே உமிழ்நீர் அதை மட்டுப்படுத்த அதிகம் உழைக்கவேண்டும். பழமாகச் சாப்பிடுங்கள். சுவை எதுவும் சேர்க்காத வெறும் சோடாவில் இருப்பது வலுக்குறைந்த கார்பானிக் அமிலம் மட்டும். அதைத் தாராளமாகக் குடிக்கலாம்.

கேள்வி: குளிர்பானம் குடித்த உடனே பல் துலக்கிவிட்டால் போதுமா?
– கல்லூரி மாணவி

வேண்டாம். இளகியிருக்கும் எனாமலை பிரஷால் தேய்த்தால் அந்த அடுக்கே போய்விடும். வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் குடிக்கவே குடிக்காதீர்கள், தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைவாகத்தான் சுரக்கும்.