மூலையில் ஒரு காபி கடை

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவின் ஒரு மூலையில் மட்டும் காபி கடையும் சிறிய உணவகமும் நடத்தத் தனியாருக்கு விடப்போகிறார்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் சேர்ந்து எதிர்க்கிறோம். 'பூங்காவைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகர், திருச்சி

பதில்: பணத்துக்குப் பிறகு வருகிறேன். 'ஒரு மூலையில் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அந்த மூலைக்கு வருவோம். மூலையோடு நிற்கிற உணவகம் என்று ஒன்று கிடையாது.

அடுப்பு மூட்டினால் என்னென்ன வரும் என்று பாருங்கள். மும்முனை மின்சாரம் வேண்டும். அதற்கு ஒரு மின்பெட்டி, தெருவிலிருந்து புதைகேபிள். 19 கிலோ வணிக சிலிண்டர்களை வைக்கக் கம்பிவலைக் கூண்டு. புகை போக்கி. பாத்திரம் கழுவத் தண்ணீர். பூங்காவின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே எடுப்பார்கள், செடிகளுக்கு விடுவது குறையும். கழுவிய தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அதைப் பிரிக்க இரண்டு மூன்று அறை கொண்ட எண்ணெய்த் தொட்டி கட்டி, மேலே மிதக்கும் கசடை வாராவாரம் வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் எண்ணெய் குழாய்க்குள் கெட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். கழிவுநீர் எதிர்த்து வந்து, சுற்றுவட்டாரத்தில் எது தாழ்ந்த இடமோ அங்கே பொங்கும். பல ஊர்களில் தாழ்ந்த இடம் பூங்காதான்.

அந்தக் கழிவுநீர் தெருச் சாக்கடைக்குப் போகக் குழி தோண்டுவார்கள். இரண்டடி அகலம், மூன்றடி ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் அடியிலிருந்து ஐந்தடி தள்ளி அந்தக் குழி போனால் என்ன ஆகும்? மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. கிளை பரவியிருக்கும் வட்டத்தையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. அந்த ஒரு குழி ஒரு பக்கத்து வேரை மொத்தமாக அறுத்துவிடும். மரம் உடனே வாடாது. ஓரிரு வருடம் பச்சையாகவே நிற்கும். பிறகு ஒரு ஐப்பசி மழையில் மண் இளகிக் காற்றும் அடிக்கும்போது, பிடிப்பில்லாமல் சாயும். 'பழைய மரம், விழுந்துவிட்டது' என்று வெட்டி ஏற்றிப் போவார்கள். குழி தோண்டிய ஒப்பந்ததாரரை அப்போது யார் தேடப்போகிறார்கள்?

அடுத்து வாகனம். சாப்பிட வருகிறவர்கள் நடந்து வருவதில்லை. இதற்கு எழுபது வருடத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1870-இல் ஓர் ஆட்டுப்பட்டி கட்டினார்கள். 1934-இல் அந்த நகரப் பூங்காத் துறையின் தலைவர் ராபர்ட் மோசஸ் ஆடுகளை வேறு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, பட்டியை 'டாவர்ன் ஆன் தி கிரீன்' என்ற உணவகமாக மாற்றினார். 1956-இல் உணவகத்துக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை. பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்த சுமார் அரை ஏக்கரில் எண்பது கார்கள் நிறுத்த ஏற்பாடு ஆயிற்று. தாய்மார்கள் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு புல்டோசர் முன்னால் வந்து நின்றார்கள். மோசஸ் விடியும் முன்னே வேலி போட்டு மரங்களை வெட்டத் தொடங்கினார். வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கினார்கள். நகரத்தையே தன் விருப்பப்படி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மனிதர் அந்த அரை ஏக்கருக்காகப் பின்வாங்கினார். அங்கே குழந்தைகள் விளையாட்டிடம் வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டப் பார்த்தது, அந்த ஒருமுறை நடக்கவில்லை.

நம் நாட்டிலும் உண்டு. லக்னோவின் அமீனாபாத் கடைவீதிக்கு நடுவே ஜண்டேவாலா பூங்கா, சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் நடந்த இடம். 1993-இல் அந்த ஊர் மாநகராட்சி, டெண்டரே விடாமல், பூங்காவுக்கு அடியில் கடைவளாகமும் வாகன நிறுத்தமும் கட்ட ஒரு கட்டுமான நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 'மேலே தளத்தில் பூங்கா இருக்கத்தானே போகிறது' என்பது வாதம். இது எவ்வளவு பொய்யான வாதம் என்பதற்குக் கணக்கே போதும். ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன். கான்கிரீட் தளத்தின் மீது ஒரு மீட்டர் உயரம் மண் கொட்டினால், சதுர மீட்டருக்கு இரண்டு டன் சுமை. அதைத் தாங்கக் கட்டினால் செலவு எகிறும் என்பதால் மண்ணைத்தான் குறைப்பார்கள். குறைத்த மண்ணில் புல் வளரும், குரோட்டன்ஸ் வளரும். வேம்பும் அரசும் வேரூன்ற இடம் இருக்காது. நீர்க்கசிவு வந்துவிட்டால் தளத்தைப் பழுதுபார்க்க அந்தப் புல்லையும் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. 1999-இல் உச்ச நீதிமன்றம், கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. கட்டிடம் எழும்பிவிட்டது, பணம் போட்டாகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. பூங்கா மாநகராட்சியின் சொத்து அல்ல, மக்களுக்காக அது வைத்துக் காக்கும் பொறுப்பு என்பதே தீர்ப்பின் அடிப்படை. உங்கள் வழக்கறிஞர் எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கு என்றால் புரிந்துகொள்வார். கூடவே 1991-இல் வந்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கையும் சொல்லுங்கள். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அந்தப் பகுதிக்காரர்கள் எதிர்த்த வழக்கு. மருத்துவமனையைவிட நல்ல காரணம் வேண்டுமா? அதற்கே பூங்காவைத் தர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். வழக்குப் போட அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது.

'குத்தகை இல்லை சார், வெறும் உரிமம்தான், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம்' என்று உங்களிடம் சொல்வார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 60-ஆவது பிரிவைப் படியுங்கள். உரிமம் பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பிவிட்டால், உரிமம் கொடுத்தவர் அதை ரத்து செய்ய முடியாது என்கிறது அது. அதனால் ஒப்பந்த நகலில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: அஸ்திவாரம் போடலாமா, எத்தனை வருடம், எந்த நேரமும் ரத்து செய்யும் அதிகாரம் மாநகராட்சிக்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா. செங்கல் சிமென்ட் ஏறிய பிறகு 'உரிமம்' என்ற சொல்லுக்கு உயிர் இல்லை.

நகல் எப்படிக் கிடைக்கும்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், பூங்கா இடத்தை ஒப்படைத்த தானப் பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடத்தின் பதிவு, மன்றத் தீர்மானம், டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்தம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களைக் காக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்பு அவற்றைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ளதை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பூங்கா பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். மண்வெட்டி விழும் முன்பே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போங்கள். கட்டியதை இடிக்க வைப்பதைவிடத் தோண்டாமல் தடுப்பது எளிது.

இப்போது பணம். வாடகை எவ்வளவு, அது எந்தக் கணக்கில் சேரும்? பொதுநிதியில் சேருமானால், அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் பூங்காவின் தோட்டக்காரருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடந்த மூன்று வருடத்தில் அந்தப் பூங்காவுக்கு ஆன செலவைக் கேட்டு வாங்கி, வாடகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொத்துவரி எதற்குக் கட்டுகிறோம்? தெருவிளக்கு தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பூங்காவிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். காலை ஐந்திலிருந்து எட்டு வரை நடக்கிறவர்கள் மட்டும் பூங்காவின் சொந்தக்காரர்கள் அல்லர். மதியம் நிழலில் துண்டு விரித்துப் படுக்கும் சுமைதூக்கும் தொழிலாளி, வீட்டில் இடமில்லாமல் அங்கே வந்து பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, மாலையில் பேரனை அழைத்து வரும் பாட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 'பகலில் பூட்டிவைக்க வேண்டும்' என்று உங்களில் யாராவது முன்பு மனுக் கொடுத்திருந்தால், அதை இன்றே திரும்பப் பெறுங்கள். வாசலுக்கு வெளியே சுண்டல் விற்பவரையும் இளநீர் வண்டிக்காரரையும் இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள். அவர்களுக்குக் குழாயும் வேண்டாம், அஸ்திவாரமும் வேண்டாம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்கள் பிழைப்பைக் காக்கிறது.

மனுவில் இன்னொரு கோரிக்கையும் சேருங்கள். இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதுவதுதான்: பேவர் பிளாக். 'மேம்பாடு' என்றால் முதலில் வருவது அதுதான். மண்ணை இடித்து இறுக்கி, குவாரித் தூள் பரப்பி, மரத்தின் கழுத்துவரை கல் பதிப்பார்கள். மழை வழிந்து வெளியே ஓடும். வேருக்கு நீரும் போகாது, காற்றும் போகாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. உங்கள் பூங்காவிலும் மரத்துக்கு மரம் ஒரு மீட்டர் கல்லைப் பெயர்க்கச் சொல்லுங்கள். கடப்பாரையால் குத்தாமல் கைக்கொத்தால் மேல்மண்ணை லேசாகக் கிளறி, கூட்டிக் கொளுத்தும் சருகையே மூன்று அங்குலம் பரப்பினால் போதும். சருகு அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு சாண் விட்டுவிடுங்கள். தொட்டால் பட்டை ஊறி அழுகும்.