தாய் தகப்பன் வராத கப்பல் பயணம்: அம்மம்மா கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேள்வி: நான் கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66. என் கணவர், இவருக்கு 71, பிரஷரும் சீனியும் இருக்கிறது. மகளும் மருமகனும் கத்தாரில் வேலை. பேத்திக்கு 11, பேரனுக்கு 6. இரண்டு பேரும் எங்களோடுதான் வளர்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் நான்கு இரவுக் கப்பலுக்கு எங்கள் நால்வருக்கும் காசு கட்டுகிறேன் என்கிறாள் மகள். பிள்ளைகள் இப்போதே துள்ளுகிறார்கள். எனக்குத்தான் பயம். சுனாமி கண்ட ஆட்கள் நாங்கள். தாய் தகப்பன் இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: போகலாம் டீச்சர். ஆனால் மகள் காசு கட்டுவதற்கு முன் இரண்டு பிள்ளைகளின் கடவுச்சீட்டையும் எடுத்துத் திகதியைப் பாருங்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நம் நாட்டில் மூன்று வருடத்துக்குத்தான் கடவுச்சீட்டு கொடுக்கிறார்கள். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்பார்கள். ஆக, நீங்கள் 'இப்பத்தானே எடுத்தோம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடவுச்சீட்டு உண்மையில் இரண்டரை வருடத்துக்குத்தான் உதவும். புதிதாக எடுக்க வேண்டுமென்றால் அதற்கும் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. கத்தாரிலிருந்து அதை எடுப்பிக்க நாள் பிடிக்கும்.

அடுத்தது உறவை நிரூபிக்கும் விஷயம். இதில் நானே ஒருதரம் பிழை விட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பயண முகவர் மேசையில் ரிக்கெட் எடுத்த அம்மப்பா ஒருவர், பேரனோடு விமான நிலையக் கவுண்டரில் நின்றுபோனார். "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் பிள்ளையின் பெயரும் இருந்தன. அம்மப்பாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மகள் வாட்சப்பில் அனுப்பிய "அப்பாவோடு போகலாம்" என்ற மெசேஜைக் காட்டியிருக்கிறார். கவுண்டரில் அது எடுபடவில்லை. சான்றிதழ்களின் படங்கள் வீட்டிலிருந்து வந்து சேர்ந்து, கடைசி நிமிடத்தில்தான் விட்டார்கள். ரிக்கெட் போட்ட நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். பிறப்புச் சான்றிதழில் பாட்டனாருக்கு ஒரு கூடு இருக்கிறது, அது தகப்பன் வழிக்கு உரியது. நம் பக்கத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் வளர்வது தாய்வீட்டில். வளர்க்கிற அம்மம்மாவின் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. ஆகவே ஒரு சான்றிதழ் போதாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் மகளின் பெயர் இருக்கும். மகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் உங்கள் கணவர் பெயரும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சங்கிலி முழுமையாகும். எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சம்மதக் கடிதம். பெரிய கப்பல் கம்பனிகள் தாய் தகப்பன் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு அதிகாரி ஒருவர் முன் கையெழுத்திட்ட கடிதத்தை மூலப்பிரதியாகவே கேட்கின்றன. சிலதுக்கு ஒரு பெற்றோரின் கையெழுத்து போதும். நீங்கள் இரண்டு பேரிடமும் வாங்குங்கள். ஊரில் இருப்பவர்கள் என்றால் நொத்தாரிசிடம் போகலாம். உங்கள் மகளும் மருமகனும் தோஹாவில் இருக்கும் நம் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அத்தாட்சிப்படுத்தி அனுப்பட்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். "என் பெற்றோருடன் செல்ல அனுமதிக்கிறேன்" என்ற ஒரு வரியோடு நிறுத்த வேண்டாம். எந்தக் கப்பல், எந்தத் திகதி, எந்தெந்தத் துறைமுகம், நால்வரின் கடவுச்சீட்டு இலக்கங்கள், மகளின் போன் நம்பர் எல்லாம் வர வேண்டும். பிள்ளைக்கு வருத்தம் வந்தால் சிகிச்சைக்குச் சம்மதிக்கவும், பிள்ளை சார்பில் படிவங்களில் கையெழுத்திடவும் உங்கள் இருவருக்கும் தனித்தனியே அதிகாரம் உண்டு என்ற வரிதான் அதில் முக்கியம். கப்பலில் மலையேறுகிற மாதிரிச் சுவர் ஒன்று இருந்தால், பேத்தி அதில் ஏறக்கூடப் பொறுப்பாளரின் கையெழுத்து கேட்பார்கள்.

இரவு இரண்டு மணிக்குப் பேரனுக்கு 103 காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் வைத்தியர் யாரைக் கேட்பார்? கடல் நடுவில் சாதாரண போன் வேலை செய்யாது. கப்பல் நெற்வேர்க்கில் மாட்டினால் பில் தலையைச் சுற்ற வைக்கும். ஏறியதுமே போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் வைஃபையை வாங்கினாலும், சிங்கப்பூர் நேரத்துக்கும் கத்தார் நேரத்துக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம். பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு "அம்மா வேணும்" என்று அழும்போது அங்கே பின்னேரம் மூன்று மணி, மகள் வேலையில் இருப்பாள். அதனால் முடிவெடுக்கும் அதிகாரம் தாளில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வைத்தியச் செலவு கப்பல் கணக்கில் ஏறும். இறங்குமுன் கட்ட வேண்டும். காப்புறுதி பிறகுதான் திருப்பித் தரும். காப்புறுதி எடுக்கும்போது இவருடைய பிரஷரையும் சீனியையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைவிரிப்பார்கள். நடுக்கடலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகள் கபினுக்கு வந்துசேரப் பின்னேரம் ஆகிவிடும்.

விசா: இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் போக முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனால் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வந்து இறங்குவதும் ஒரு புது வருகைதான், அதற்கும் நிரப்புங்கள். பினாங்குக்கு மலேசிய விசா வேண்டும். "நாங்கள் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்றாலும் பல கம்பனிகள் விடுவதில்லை. தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, காசு கட்டுகிற அன்றே பாருங்கள்.

கப்பல் புறப்படும் நாளிலேயே சிங்கப்பூரில் இறங்கும் ஃபிளைட் எடுக்க வேண்டாம். டிசம்பரில் கொழும்புக்குப் போகும் வழியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் ரோட்டும் நிற்கும், ரயிலும் நிற்கும். கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஒரு நாள் முந்திக் கொழும்புப் பக்கம் போய்ச் சேருங்கள், இன்னொரு நாள் முந்திச் சிங்கப்பூரில் இருங்கள்.

சரி, கடல் பயத்துக்கு வருவோம். 2004ஐக் கண்ட ஆட்களிடம் 'பயப்படாதீர்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆழ்கடலில் சுனாமி அலை பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவாகத்தான் இருக்கும், கரையை அண்டித் தண்ணீர் ஆழம் குறையும்போதுதான் அது எழும்புகிறது. அன்றைக்கு ஆழ்கடலில் நின்ற மீனவர்கள் பலர் ஒன்றுமே உணரவில்லை. கப்பல் போகும் வழியிலுள்ள மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் சூழ்ந்தது. டிசம்பரில் கல்லடிக் கடற்கரையில் நீங்கள் பார்க்கிற கொந்தளிப்பு அங்கே இராது. ஆட்டத்துக்குப் பயம் என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கபின் கேளுங்கள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் கடல் மயக்கம் அதிகம் வரும். சத்தி மாத்திரையை டொக்டரிடம் கேட்டு வாங்கி, ஒருதரம் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் அதில் அரை நாள் தூங்கிவிடுவார்கள்.

பல்கனி உள்ள கபின் உங்களுக்கு வேண்டாம். ஆறு வயதுப் பொடியன், இரண்டு மூத்த ஆட்கள், ஒரு கதிரை: இவ்வளவும் போதும் விபரீதத்துக்கு. மேற்கட்டிலில் பேத்தி படுக்கட்டும், பேரன் கீழே.

ஏறிய அன்று பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். இத்தாலியக் கரையோரம் 2012 ஜனவரியில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் புறப்படுமுன்னரே இதை நடத்த வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. எச்சரிக்கை ஒலி ஏழு சின்னது, ஒன்று நீளமானது. பிள்ளைகள் வீட்டிலேயே வாயால் ஊதிப் பழகட்டும், விளையாட்டாகவே பதிந்துவிடும். கபினில் சிறுவர் அளவு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். ஒழுங்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் கதவில் பேரன் கீறிய படம் ஒன்றை ஒட்டிவிடுங்கள். சிறுவர் கழகத்தில் வயதுவாரியாகப் பிரிப்பார்கள் என்பதால் அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள். இதை முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வாசலில் அழுகைதான். 'பிள்ளை தானாகவே வெளியேறலாமா' என்று படிவத்தில் கேட்டிருந்தால், பேத்தி எவ்வளவு கெஞ்சினாலும் 'இல்லை' என்று போடுங்கள். சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். கப்பல்களில் பரவி சத்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரஸுக்குக் கைதேய்க்கும் ஜெல் அவ்வளவு வேலை செய்யாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. பிள்ளைக்கு வருத்தம் வந்தால் நீங்கள் இருக்கிறீர்கள். பினாங்கில் இவரை ஆஸ்பத்திரியில் இறக்க நேர்ந்தால்? நீங்கள் இவரோடு இறங்குவீர்களா, பிள்ளைகளோடு கப்பலில் இருப்பீர்களா? நால்வரும் சேர்ந்தே இறங்குவது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். உங்கள் இருவராலும் முடியாமல் போனால் பிள்ளைகளைப் பொறுப்பேற்க இன்னொருவரின் பெயரையும் நம்பரையும் சம்மதக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு கையில் உள்ள, கூப்பிட்ட அடுத்த நாளே ஃபிளைட் ஏறக்கூடிய மாமாவோ சித்தியோ யாரோ ஒருவர். பதினொரு வயதுப் பேத்தி அந்த நம்பரையும் அம்மாவின் நம்பரையும், நாட்டுக் குறியீட்டோடு, போனைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். தன் சொந்த வீட்டு நம்பரே அவளுக்குப் பாடமில்லை என்று தெரியவரலாம்.